மலை இறங்கும் முழங்கால்

கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஏறிவரும் புகைவண்டி, தெமோதரையில் ஒரு மலையைச் சுற்றி வளைந்து, தான் சற்றுமுன் நின்ற நிலையத்தின் அடியிலேயே குகைவழி புகுந்து இறங்குகிறது. பின்னர் உடுவரையைக் கடந்து, பதுளையை அடையுமுன் கடைசியாக அது நிற்கும் நிலையம் ஹாலிஎல. பேராதனையிலிருந்து வரும் பெருந்தெருவும் பெரகலையிலிருந்து வரும் தெருவும் அவ்வூரிலே கூடுகின்றன. கிழக்கே நமுனுகுல மலை. சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். சமதரை என்று சொல்லத்தக்கது கடைவீதியும் நிலையமுமே எனலாம். மற்றெல்லாம் ஏற்றம், அல்லது இறக்கம்.

இச்சரிவுகளில் நான்கைந்து தலைமுறைகளாகக் கொழுந்தெடுத்து வரும் மக்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஏற்றம் நெஞ்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலையேறுபவள், கூடை நிறைந்ததும் நிறுவைக்கு இறங்கி வருகிறாள், மீண்டும் ஏறுகிறாள், மீண்டும் இறங்குகிறாள். மழைநாளில் ஈரக் கொழுந்தின் பாரமும், நனைந்த படங்கின் பாரமும், வழுக்கும் செம்மண்ணும் ஒன்றுசேர்கின்றன. இவையெல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் முழங்கால்.

செயற்கை மூட்டுக்குள்ளே நுண்ணிய அளவைக் கருவிகளைப் பொருத்திப் பேர்லின் ஆய்வாளர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இவ்வனுபவத்துக்குச் சான்று பகர்கின்றது. சமதரையில் நடக்கும்போது முழங்காலின்மேல் உடற்பாரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை தாக்குகின்றது. படியேறும்போது அது மூன்று மடங்காகின்றது. படியிறங்கும்போதோ மூன்றரை மடங்கை நெருங்குகின்றது. வெறுங்கையோடு படியிறங்குபவரின் கணக்கு இது. முதுகிலே கூடை தொங்கினால் அந்தப் பாரமும் பெருகியே முழங்காலை வந்தடையும்.

ஆயின், முழங்காலுக்குள் நேரும் கேட்டுக்கு ஒரு கொடுமையான இயல்பு உண்டு. அது வெளியே தெரிவதில்லை. கை முறிந்தால் கோணல் தெரியும். கத்தி பட்டால் இரத்தம் தெரியும். கான் ஓரத்திலே கால் சறுக்கி, பாதம் மண்ணில் பதிந்து நிற்க உடல் மட்டும் திரும்பிவிட்டால், முழங்காலுக்குள் ஏதோ 'களுக்' என்றது போல் இருக்கும். மறுநாட் காலையில் சிறிது வீக்கம். நாலு நாளில் வீக்கமும் வற்றிவிடும். ஆனால் காலை முழுவதும் நீட்ட முடியாது. இறக்கத்தில் முழங்கால் திடீரெனக் கைவிடும். பார்ப்பவர் கண்ணுக்குக் கால் கால்போலவே இருக்கும். கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் அரைப்பேரோ, பேரில்லாத நாளோ பதிவாகும். வேலைக்குக் கள்ளம் என்ற சொல்லும் எங்கிருந்தோ வந்து சேரும்.

வெளியே தெரியாத ஒன்றை நம்புவது எங்ஙனம்? நம்பினாலும் அறிவது எங்ஙனம்? அறிந்தாலும் எதை வெட்டுவது, எதைக் காப்பது? முழங்காற் சத்திரசிகிச்சையின் வரலாறு இம்மூன்று கேள்விகளின் வரலாறேயாகும். அது அரண்மனையிலே பிறந்த வரலாறு அன்று. உழைக்கும் மனிதனின் முழங்காலை முன்வைத்தே அதன் முக்கியமான படிகள் பல ஏறப்பட்டன.

முதலில் முழங்காலின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். மேலே தொடையெலும்பு, கீழே கணைக்காலெலும்பு, முன்னே காவலாகச் சில்லு. எலும்பின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. பாடசாலை நூல்கள் இதனைக் கசியிழையம் என்கின்றன. இப்போர்வையின் தடிப்பு ஒரு சில மில்லிமீற்றரே. இதனுள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பில்லாமையால் தேயும்போது முதலில் வலியில்லை. இரத்தமில்லாமையால் தேய்ந்தபின் வளர்ச்சியில்லை. இதுவன்றி, இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ளும் புறமுமாக இரண்டு பிறைவடிவக் குருத்துகள் உள்ளன. உருண்ட தொடையெலும்பு தட்டையான கணைக்காலெலும்பின்மேல் தடுமாறாமல் அமர்வதற்கு இவை அணைகொடுக்கின்றன. மூட்டிலே இறங்கும் பாரத்தில் ஏறக்குறையப் பாதியை ஏற்றுப் பரப்புகின்றன. மூட்டின் நடுவே குறுக்காகப் பின்னிய இரண்டு நார்க்கட்டுகள் எலும்புகள் முன்னும் பின்னும் வழுவாமல் பிடித்து நிற்கின்றன.

குருத்தெலும்பு கெட்டால் மீளாது என்னும் செய்தி புதியதன்று. 1743ஆம் ஆண்டில், இருபத்தைந்து வயதே நிறைந்த வில்லியம் ஹண்டர் என்னும் உடற்கூற்றறிஞர் இலண்டன் வேத்தியற் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோயையும் ஆராய்ந்த அவர், ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீண்டும் உண்டாவதில்லை என்பதை அன்றே தெளிவாகக் கூறினார். இற்றைவரையும் அவர் கூற்றின் சாரம் பொய்த்துவிடவில்லை.

அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து வைத்தியர் வில்லியம் ஹே. தாமே முழங்காலில் அடிபட்டு நொண்டும் நிலையை எய்தியவர் அவர். 1803ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், வெளியே காயமோ முறிவோ இன்றி முழங்கால் பூட்டிக்கொள்ளும் நிலையை விவரித்து, அதனை முழங்காலின் 'உட்குலைவு' என்று பெயரிட்டார். பெயர் வைப்பது சிறு செயல்போலத் தோன்றும். ஆயின், பெயரில்லாத நோய்க்கு மருந்துமில்லை, விடுமுறையுமில்லை. நொண்டுபவன் நடிக்கவில்லை, உள்ளே ஏதோ இடம் பெயர்ந்திருக்கின்றது என்று ஒரு வைத்தியர் எழுதிவைத்த அன்றே முதற் கேள்விக்கு விடை தொடங்கிற்று.

இவ்வறிவு தமிழிலும் விரைவில் வந்தது என்பது பலர் மறந்துபோன செய்தி. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறுவருடம் மானிப்பாயில் வைத்தியப் பணி தொடங்கிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். அவர் முயற்சியால் 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலும், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலும் தமிழில் வெளிவந்தன. ஐரோப்பிய சத்திரவைத்தியர் மூட்டைத் திறக்க அஞ்சிக்கொண்டிருந்த காலத்திலேயே, மூட்டின் அமைப்பைத் தமிழிற் படித்த வைத்தியர் வடக்கிலே இருந்தனர். ஆயின் மானிப்பாய்க்கும் ஊவாவின் கோப்பித் தோட்டங்களுக்கும் இடையே இருந்த தூரம் மைல்களால் மட்டும் அளக்கத்தக்கதன்று.

மூட்டைத் திறக்க அவர்கள் அஞ்சியது ஏன்? மூட்டுக்குள் சீழ் பிடித்தால் காலை எடுக்க நேரும். பல வேளைகளில் உயிரும் போகும். 1867இல் லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்ட பின்னரே அந்த அச்சம் தணியலாயிற்று. அதன் பயனை முழங்காலுக்குக் கொண்டுவந்தவர் எடின்பரோவைச் சேர்ந்த தோமஸ் அனண்டேல். 1883ஆம் ஆண்டு நவம்பரில் அவரிடம் வந்தவன் முப்பது வயதான ஒரு சுரங்கத் தொழிலாளி. வேலையின்போது கெட்ட முழங்கால். பல மாதமாகப் பிழைப்பில்லை. அனண்டேல் மூட்டைத் திறந்தார். உட்புறப் பிறைக்குருத்து தன் முன்பிடியிலிருந்து விடுபட்டுப் பின்னே ஒதுங்கியிருந்தது. அவர் அதனை வெட்டி எறியவில்லை. முன்னே இழுத்து, உரிய இடத்தில் வைத்துத் தைத்தார். கால் குணமாயிற்று, தொழிலாளி தன் வேலைக்கு மீண்டான். பிறைக்குருத்தைத் தைத்துக் காத்த முதற் சத்திரசிகிச்சை இதுவெனவே கொள்ளப்படுகின்றது.

இவ்வளவு நன்றாகத் தொடங்கிய வழி பின்னர் திசைமாறிற்று. 1897ஆம் ஆண்டில் இலண்டனின் புகழ்பெற்ற சத்திரவைத்தியர் பிளாண்ட்-சட்டன், பிறைக்குருத்துகள் என்றோ இருந்த காற்றசைகளின் பயனற்ற எச்சங்களே என்று எழுதினார். பயனற்றது என்றால் அதைப் போற்றுவானேன்? கிழிந்த பிறைக்குருத்தை முழுவதுமாக அகற்றிவிடுதலே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழக்கமாயிற்று. நோயாளி சில வாரங்களில் நடந்தான், வைத்தியரும் மகிழ்ந்தார். பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்து அந்த முழங்கால் என்னவாயிற்று என்று எவரும் தொடர்ந்து பார்க்கவில்லை.

பார்த்தவர் ஒருவர் வந்தார். 1948ஆம் ஆண்டில் பெயர்பேங் என்னும் ஆங்கிலேய வைத்தியர், பிறைக்குருத்து அகற்றப்பட்டவர்களின் முழங்கால்களை எக்ஸ்கதிர் கொண்டு ஆராய்ந்தார். அவற்றில் மூட்டின் இடைவெளி ஒடுங்கியிருந்தது. தொடையெலும்பின் உருண்ட முனை தட்டையாகியிருந்தது. ஓரத்தில் எலும்பு வரம்பு கட்டியிருந்தது. பயனற்றதென அகற்றிய பொருளே பாரம் தாங்கிய பொருள் என்பது அப்போது புலப்பட்டது. அதற்கு முன்னரே, 1936இல், அமெரிக்காவில் கிங் என்பவர் நாய்களில் செய்த சோதனையால், இரத்தம் பாயும் வெளி ஓரத்தைத் தொட்ட கிழிசல் ஆறக்கூடியது என்று காட்டியிருந்தார். இவ்விரு குரல்களும் மெல்லிய குரல்கள். வழக்கம் மாற மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

இக்காலமெல்லாம் ஊவாவின் நிலை யாது? தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென முதற் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னர், 1912இல் மேலும் இரு சட்டங்கள் வந்தன. மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்டத்து டிஸ்பென்சரிகளும் இவற்றின் வழியே பெருகின. ஆனால் அன்றைய வைத்தியத்தின் கவலை உயிரைக் கொல்லும் நோய்களே: மலேரியா, வயிற்றுளைவு, கொழுக்கிப்புழு. கொழுக்கிப்புழுவை ஒழிக்கும் இயக்கம் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிற்று. மரணப் பதிவேட்டில் முழங்காலுக்கு இடமில்லை. முழங்கால் எவரையும் கொல்வதில்லை. உழைப்பை மட்டுமே கொல்கின்றது.

பண்டாரவளை வரை 1894இல் வந்து நின்ற இருப்புப்பாதை, 1924இலேயே பதுளையை எட்டியது. அதன் பின்னரே ஹாலிஎலயில் ஏறும் ஒருவர் அதே வண்டியில் கொழும்பு வரை போய் இறங்க முடிந்தது. வழியோ ஏறக்குறைய 180 மைல். கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு, ஒரு முழங்காலுக்காக அவ்வளவு தூரம் செல்லத்தக்க குடும்பம் லயத்தில் எத்தனை? எண்ணெய் போட்டு நீவுதலும், துணி இறுக்கிக் கட்டுதலும், சிங்களக் கிராமங்களில் பெயர்பெற்ற முறிவு நெரிவு வைத்தியரிடம் செல்லுதலுமே கைக்கெட்டிய வழிகள். முறிவையும் மூட்டு விலகலையும் கையாள்வதில் அவ்வைத்தியர் தேர்ந்தவரே. ஆயினும் உள்ளே கிழிந்த குருத்தை வெளியிலிருந்து நீவும் கையால் ஒட்டவைத்தல் இயலாது.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது விபத்தை அடிப்படையாகக் கொண்ட சட்டம். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன வேலையின்போது நேர்ந்தது என்று காட்டுதல் வேண்டும். ஒரு நாளில் ஒடியாமல், இருபது ஆண்டுகளில் இறக்கம் இறக்கமாகத் தேய்ந்த முழங்காலுக்கு எந்த நாளைக் குறித்துக்காட்டுவது?

இரண்டாம் கேள்வி, அதாவது வெட்டாமல் அறிவது எங்ஙனம் என்னும் கேள்வி, உலகின் வேறொரு மூலையில் விடைபெற்றுக்கொண்டிருந்தது. ஜப்பானிய மக்கள் தரையிலே முழங்கால் மடித்து அமர்பவர்கள். மடங்காத முழங்கால் அவர்களுக்குக் காலின் குறை மட்டுமன்று. வீட்டிலும் விருந்திலும் கோயிலிலும் இடமிழந்த நிலையாகும். அக்காலத்தில் முழங்காலில் காசநோய் பற்றி மூட்டு இறுகிப்போவது அங்கே பெருந்துன்பமாயிருந்தது. அதனைத் தொடக்கத்திலேயே கண்டறிய விரும்பினார் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் கெஞ்சி டகாகி. 1918ஆம் ஆண்டில், சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்கான ஒளிக்குழாயைப் பிரேதமொன்றின் முழங்காலுக்குள் செலுத்தி நோக்கினார். மூட்டினுள் நோக்கும் கருவி அவர் கையில் உருப்பெறலாயிற்று. முதற் குழாய்கள் பருத்தவை. 1931இல் மூன்றரை மில்லிமீற்றர் குழாய் ஒன்றைச் செய்து முடித்தார்.

அவர் மாணவர் மசாகி வட்டனபே. போருக்குப் பின் வறுமையுற்ற நாட்டில், குழாய்மேற் குழாயாகத் திருத்தித் திருத்தி, தமது இருபத்தோராவது வகையை 1950களின் இறுதியில் உருவாக்கினார். அதன் முனையிலே ஒரு சிறு மின்குமிழ் எரிந்தது; சில வேளை மூட்டுக்குள்ளேயே அது உடைந்தும் போகும். எனினும் அக்கருவி காட்டிய காட்சி தெளிவானது. 1962ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, கூடைப்பந்து ஆடி முழங்கால் கெட்ட பதினேழு வயது இளைஞன் ஒருவனின் மூட்டுக்குள் குழாயைச் செலுத்தி நோக்கியவாறே, பிறைக்குருத்தின் கிழிந்த துண்டை மட்டும் வட்டனபே அகற்றினார். எஞ்சியது எஞ்சியபடியே இருந்தது. முழங்காலை அகலத் திறவாமல், பார்த்தறிந்து, வேண்டிய அளவே வெட்டும் முறை அன்று பிறந்தது. 1964இல் தோக்கியோ சென்ற கனடிய வைத்தியர் றொபேட் ஜாக்சன் இக்கலையைக் கற்று ரொறன்ரோவுக்குக் கொண்டு சென்றார். 1969இல் தோக்கியோவிலேயே இக்கேயுச்சி என்பவர் குழாய்வழியாகப் பிறைக்குருத்தைத் தைத்தார். எடின்பரோவில் அனண்டேல் இட்ட தையல், எண்பத்தாறு ஆண்டுகள் கழித்துப் புதிய வழியில் மீண்டும் விழுந்தது.

எந்தக் கிழிசலைத் தைக்கலாம் என்பதற்குத் தெளிவான வரைபடத்தை 1982இல் ஆர்னொட்ஸ்கி, வாரன் என்னும் அமெரிக்கர் இருவர் தந்தனர். மனிதப் பிறைக்குருத்தின் வெளி ஓரத்தில், அதன் அகலத்தில் ஏறக்குறையக் காற்பங்கு வரையிலேயே இரத்தக் குழாய்கள் உண்டு. அவ்வெல்லையிலுள்ள கிழிசல் தைத்தால் ஆறும். உள்விளிம்பில் உள்ளது பெரும்பாலும் ஆறாது.

கருவிகள் பெருகிய இக்காலத்திலும் நல்ல வைத்தியரின் ஆராய்ச்சி பேச்சிலிருந்தே தொடங்குகின்றது. கால் எவ்வாறு திரும்பிற்று? வீக்கம் உடனே வந்ததா, மறுநாள் வந்ததா? சில மணிக்குள் பொங்கிய வீக்கம் மூட்டுக்குள் இரத்தம் கசிந்ததைக் காட்டலாம். குறுக்கு நார் அறுந்திருக்கலாம். மறுநாள் மெல்ல ஏறிய வீக்கம் பிறைக்குருத்தின் கிழிசலால் ஊறிய நீராயிருக்கலாம். முழங்கால் பூட்டிக்கொள்கின்றதா? இறக்கத்தில் கைவிடுகின்றதா? பின்னரே கைகள் பேசுகின்றன. மூட்டின் வரி நெடுக விரலால் அழுத்தி நோகும் இடத்தை அறிவர். லிவர்பூல் வைத்தியர் மக்மறே 1942இல் விவரித்த முறைப்படி, மடக்கிய காலைத் திருப்பியவாறே நீட்டி, உள்ளே குருத்து சொடுக்குகின்றதா என உணர்வர். சற்றே மடக்கிய காலின் கீழெலும்பை முன்னே இழுத்து, குறுக்கு நாரின் உறுதியைச் சோதிப்பர்.

எக்ஸ்கதிர்ப் படத்தில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி எவ்வளவு ஒடுங்கிற்று என்பதைக் கொண்டே தேய்வை ஊகிப்பர். ஆகவே படத்தை நின்ற நிலையில் எடுத்தல் நன்று. 1980களில் வந்த காந்தப் படம் குருத்தையும் நாரையும் நேரே காட்டுகின்றது. மூட்டுநோக்கிக் குழாய் வழியே பார்ப்பவர், குருத்தெலும்பின் கேட்டை நான்கு படிகளாக வகுப்பர். மென்மையாதல், நார்நாராய்ப் பிளத்தல், பிளவு ஆழமாதல், எலும்பு வெளிப்படுதல் என்பன அவை. கனடாவின் அவுட்டர்பிரிட்ஜ் 1961இல் வகுத்த முறையிலிருந்து வந்தது இது.

மூன்றாம் கேள்வி சிகிச்சையைப் பற்றியது. குருத்தெலும்பிலே குழி விழுந்த இடத்தில் எலும்பைத் துளைத்து, இரத்தம் கசியவிட்டு, வடுப்போன்ற ஒரு போர்வையை வளரச் செய்யும் முறையைப் பிரிஸ்ரலைச் சேர்ந்த பிரிடி 1959இல் எடுத்துரைத்தார். 1994இல் சுவீடனின் கோதன்பேர்க்கு நகர வைத்தியர், நோயாளியின் குருத்தெலும்புக் கலங்களையே எடுத்து வெளியே வளர்த்து, மீண்டும் குழியில் இட்டு மூடிய 23 பேரின் வரலாற்றை வெளியிட்டனர். இவை சிறிய குழிக்கு உதவும். முழுவதும் தேய்ந்த மூட்டுக்கு உதவா. முழுத் தேய்வுக்குச் செயற்கை மூட்டு உண்டு. 1971இல் கன்ஸ்ரன் வெளியிட்ட அமைப்பும், 1974இல் நியூயோர்க்கில் இன்சால் முதலியோர் பொருத்திய அமைப்பும் இன்றைய செயற்கை முழங்காலின் முன்னோர் ஆவர். அதனால் வலி நீங்கி நடை மீளும். ஆயின் குந்தியிருத்தலும் சப்பாணி கொட்டுதலும் பெரும்பாலோர்க்கு எளிதாகா. தரையிலமர்ந்து அடுப்பூதும் வீட்டுக்கும் சரிவிலே நின்று செய்யும் தொழிலுக்கும் அது எவ்வளவு பொருந்தும் என்பதை முன்கூட்டியே பேசி அறிதல் வேண்டும்.

குழாய்வழிச் சிகிச்சைக்கும் ஓர் எல்லை உண்டு. 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் தேய்ந்த முழங்காலுடைய 180 பேரை ஆராய்ந்தனர். சிலருக்கு உண்மையாகவே மூட்டைக் கழுவிச் சீவினர். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தனர். இரு சாராரின் வலியும் ஒரே அளவாயிருந்தது. 2013இல் பின்லாந்திலும், தேய்வினால் கிழிந்த பிறைக்குருத்துடைய 146 பேரில் அவ்வாறே கண்டனர். இளமையில் விபத்தினால் கிழிந்த குருத்தும் பூட்டிக்கொண்ட முழங்காலும் சத்திரசிகிச்சையை நாடும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்த மூட்டோ முதலில் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும், பாரக் குறைவையும், ஊன்றுகோலையும், வலிநிவாரணத்தையும் நாடும். கத்தி கூரியதாயிற்று என்பதனால் எல்லோரையும் வெட்டவேண்டியதில்லை என்பதே சத்திரவைத்தியம் கடைசியாகக் கற்ற பாடம்.

இவ்வரலாறு ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலில் தொடங்கிய தையலைக் கண்டது. அவனுடைய இனத்தார் பின்னும் அதில் வருகின்றனர். 1952இல் கெல்கிறன், லோறன்ஸ் என்னும் இருவர் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளை எக்ஸ்கதிர் கொண்டு ஆராய்ந்தனர். மூட்டுத் தேய்வை அளக்க அவர்கள் 1957இல் வகுத்த படிமுறையே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. 2009ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம், நிலத்தடிச் சுரங்கத்தில் பத்தாண்டுகளேனும் உழைத்தவரின் முழங்கால் தேய்வைத் தொழில்வழி நோயென ஏற்றுக்கொண்டது. அங்கே எந்த நாளில் ஒடிந்தது என்ற கேள்வி எழவில்லை. எத்தனை ஆண்டு உழைத்தாய் என்பதே கேள்வி. அனண்டேலின் தையலிலிருந்து அந்த ஒப்புதல் வரை 126 ஆண்டுகள் சென்றன.

தேயிலை மலையின் முழங்காலும் அதே கணக்கில் வைத்து எண்ணத்தக்கது. நிலத்தடியில் முழந்தாளிட்டு ஊர்ந்தவனின் மூட்டைத் தொழில் தேய்த்தது என்றால், கூடை சுமந்து சரிவிறங்கியவளின் மூட்டையும் தொழில் தேய்க்காதா என்று கேட்பது நியாயமே. அக்கேள்வியைக் கேட்பதற்கு முதலில் எண்ணிக்கை வேண்டும். எண்ணுவதற்கு ஒவ்வொரு முழங்காலும் வைத்தியர் கண்ணுக்கு வந்து பதிவாக வேண்டும். எண்ணெய் போட்டு மறைத்த நோவு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஹாலிஎலயிலிருந்து பதுளை வைத்தியசாலை இன்று பஸ்ஸில் அரைமணி வழிக்குள் அடங்கும். அரசாங்க வைத்தியசாலையில் சோதனைக்குப் பணமில்லை. கால் திரும்பி வீங்கியவர், வீக்கம் வற்றிற்று என்று மறுவாரம் மலையேறாமல், முழங்கால் பூட்டுகின்றதா, கைவிடுகின்றதா என்று கவனித்து, முதல் மாதத்திலேயே காட்டிக்கொள்வது நன்று. தைக்கத்தக்க கிழிசல் என்றும் தைக்கத்தக்கதாய் இராது. நடக்க நடக்க அது கசங்கும். கசங்கியதை வெட்டலாமேயன்றித் தைக்கலாகாது.

பிரட்டுக்களத்திலே நொண்டி வருபவளைப் பார்த்துக் கள்ளம் என்று சொல்லுமுன், கணக்கெழுதும் கை சற்றுத் தாமதிக்கலாம். முழங்காலுக்குள் நடப்பது வெளியே தெரியாது என்பதை வில்லியம் ஹே எழுதி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. லீட்ஸ் நகரத்தில் ஒப்புக்கொண்டது ஹாலிஎலயிலும் உண்மையே.